கொப்பளித்த வாயும் கொதித்த உடம்பும்

அஞ்சலை வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கன்னம் இரண்டும் புடைத்திருந்தன. களகளவென்று ஒரு சுற்று, மறு சுற்று. தலையைக் கொஞ்சம் திருப்பித் துப்பினாள். பாதி மண்ணில் விழுந்தது. மீதி என் வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்தில்.

“ஐயோ நர்ஸம்மா, கவனிக்கல. தொடச்சு விடட்டா?”

“அது கிடக்கட்டும். எதுக்கு இத்தன வாட்டி கொப்பளிக்கிற?”

“கண்ணாடி வெக்கப் போறீங்கல்ல? வாயக் கழுவாம வெக்கலாமா? நாங்க என்ன மாடா?”

அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒவ்வொருத்தியும் ஓரமாக இருந்த மண்பானையில் செம்பை விட்டு மொண்டு, ஜில்லென்ற மழைத்தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். எல்லார் முகத்திலும் கரி. எல்லார் சேலையும் தண்ணீரில் முக்கி எடுத்தது போல வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. அப்போதுதான் புகைக் கொட்டகையை விட்டு வெளியே வந்திருந்தார்கள்.

அவர்கள் கண்ணாடி என்று சொல்கிற வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு வேர்வை நின்று போய்விட்டது. மலாயாவின் காப்பார் பக்கத்து வெயிலில் வேர்வை நிற்பது லேசான காரியம் இல்லை.

நெருப்பிலிருந்து வந்தவர்கள் வாயைக் குளிர வைத்துவிட்டு, அந்த வாய்க்குள் சூட்டை அளக்கிறோம். இன்றைக்கு நேற்றைக்கு இல்லை, இந்த ஆராய்ச்சி தொடங்கிய நாளிலிருந்து!

அது என்ன கொட்டகை

இதைப் படிக்கும் இளையவர்களில் பலர் புகைக் கொட்டகையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ரப்பர் மரத்துப் பாலை உறைய வைத்து, உருளையில் நசுக்கித் தகடு தகடாக எடுப்பார்கள். ஈரத்தோடு இருக்கிற அந்தத் தகடுகளை மூங்கில் கழிகளில் துணி காயப்போடுவது போலத் தொங்கவிட்டு, அடியில் விறகை மூட்டிப் புகை போடுவார்கள். சன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால்தான் சூடு நிற்கும். உள்ளே போய்த் தகடுகளைத் திருப்பிப் போடவும் கழிகளை மாற்றவும் ஆள் வேண்டும்.

முன்பெல்லாம் அது ஆண்கள் வேலை. ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆளைக் குறைத்த காலத்தில், குறைந்த கூலிக்கு வருகிறார்கள் என்று பெண்களை உள்ளே அனுப்பினார்கள். அதோடு, அடிக்கடி கதவைத் திறந்தால் விறகு வீணாகிறது என்று, உள்ளே போனவர்கள் ஒரு நடை வேலை முழுவதும் முடித்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும் என்றார்கள்.

அஞ்சலை இரண்டு முறை உள்ளேயே மயங்கி விழுந்தாள். வேலைக்குச் சோம்பி நாடகம் ஆடுகிறாள் என்று மேனேஜர் துரை முடிவு கட்டினார். அந்தக் காலத்தில் வேண்டாத ஆளை என்ன செய்வார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். லோரியில் ஏற்றி, கிள்ளான் துறைமுகத்தில் இந்தியக் கப்பலுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். அஞ்சலையின் புருஷன் இதே தோட்டத்து மண்ணில் புதைந்திருந்தான். கடலுக்கு அந்தப் பக்கம் அவளுக்கு வாசல் திறந்துவிட ஒரு ஆள் கிடையாது. அவளுக்கு லோரி சனிக்கிழமை வருவதாக இருந்தது.

எங்கள் டாக்டர் கோலாலம்பூரிலிருந்து அந்தத் தோட்டத்துக்கு வந்தது இந்தக் கேள்விக்காகத்தான். மனித உடம்பு எவ்வளவு சூட்டை எவ்வளவு நேரம் தாங்கும்? அவர் நல்ல மனிதர், வெள்ளைக்காரர், உடலியலில் பேர் வாங்கியவர். வாரக்கணக்கில் அளந்தார். கொட்டகையிலிருந்து வருகிறவர்களின் உடல் சூடு சாதாரணமாகவே இருந்தது. அதைப் பார்த்து அவரே வியந்துபோய், தமிழர் உடம்பு சூட்டுக்கென்றே அமைந்தது, கொட்டகை வேலையால் அதற்கு ஒரு கெடுதியும் இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். மேனேஜர் துரைக்கு அது தேனாக இனித்தது. உடம்பு சூடாகவில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டால், மயங்கி விழுகிறவள் நடிக்கிறாள் என்றுதானே ஆகிறது?

நான் இதில் வந்து சேர்ந்தது கடைசியில். பெண்களின் நாடித் துடிப்பைப் பார்க்க ஒரு பெண் வேண்டும் என்று என்னை அழைத்துப் போனார். அஞ்சலை கொப்பளித்த அந்தக் காலைதான் என் முதல் நாள். முதல் நாளே சப்பாத்து நனைந்தது.

காந்துது

இங்கே கொஞ்சம் என் கதை. போன வாரம் நான் வளர்ந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீடுகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நீங்கள் எப்படி ஆராய்ச்சிக்குப் போனீர்கள்?

வாயாலும் காதாலும் போனேன் அம்மா. வேறென்ன சொல்ல?

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவர். வீட்டுக்கு வந்ததும் கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டு கத்துவார். அவர் மனைவி நீராகாரத்தில் ஒரு பிடி உப்பைப் போட்டுக் கொடுப்பாள். குடித்த கொஞ்ச நேரத்தில் சுருண்ட கால் நீளும். எப்படி நீள்கிறது என்பதுதான் எனக்குச் சின்ன வயசிலிருந்து கேள்வி. அந்த அக்காவைக் கேட்டால், “உப்பு போயிருச்சு, உப்பு குடுத்தேன். இதுல என்னடி ஆராய்ச்சி?” என்பாள். பிறகு நர்ஸ் வேலைக்குப் பயிற்சி எடுத்தபோது, வேர்வையோடு உப்பும் வெளியேறுகிறது என்று ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்ததும் எழுந்து நின்று கைதட்டினேன். வார்டில் இருந்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தார்கள்.

அதிலிருந்து புத்தகம் ஒரு பக்கம், மனிதர் பேச்சு ஒரு பக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். சூட்டுக்கு நம் சனங்களிடம் எத்தனை சொல் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். உடம்பு காயுது என்றால் ஒன்று. சுடுது என்றால் வேறு. எரியுது என்றால் தோலில். புழுங்குது என்றால் காற்றில். கொட்டகைப் பெண்கள் இதில் எதையும் சொல்லவில்லை. “உள்ள காந்துது நர்ஸம்மா” என்றார்கள். நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்கள்.

அந்தச் சொல்லை எப்படி மொழிபெயர்த்தாலும் டாக்டரின் காதில் அது வெறும் சூடு என்றுதான் விழுந்தது. உள்ளே காந்துகிறது என்று சொல்கிறவளுக்கு வெப்பமானி சூடே இல்லை என்றால், இரண்டில் ஒன்று பொய். டாக்டர் வெப்பமானியை நம்பினார். நான் அஞ்சலையை நம்பினேன். எனக்கு அன்றைக்கு அவளைத் தெரிந்தது ஒரு காலைப் பொழுதுதான். ஆனாலும் நம்பினேன்.

யார் சொன்னது?

“வாயக் கழுவணும்னு உங்களுக்கு யாரு சொன்னது?” என்று கேட்டேன்.

அஞ்சலை மோவாயைத் தூக்கி மரத்தடியைக் காட்டினாள். அங்கே டிரெஸர் நின்றிருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கி, கட்டுப் போடுகிறவரை டிரெஸர் என்போம். நம் ஆள்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் பொட்டு. நான் வரும் வரைக்கும் ஒவ்வொரு வாயிலும் வெப்பமானியை வைத்து எடுத்தவர் அவர்.

“ஆமா, நான்தான் சொன்னேன்” என்றார். “வெத்தல, பொயில, கரி. இந்த சனங்க எச்சில் பட்டத நான்ல கையில தொட வேண்டியிருக்கு? டாக்டருக்கென்ன, நின்னு பாத்துட்டுப் போயிருவாரு.”

“டாக்டருக்குத் தெரியுமா?”

“சுத்தமா இருக்கணும்னு அவருதான் சொன்னாரு. நான் சுத்தமா வெச்சிருக்கேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. டாக்டர் வெப்பமானியைச் சுத்தமாக வைக்கச் சொன்னார். டிரெஸர் அவர்களைச் சுத்தமாக வைத்தார். பானையும் செம்பும் எந்நேரமும் டாக்டரின் கண் முன்னால்தான் இருந்தன. தமிழ்ப் பெண்களின் நல்ல பழக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார். எச்சில் என்றால் என்ன, யார் எச்சில் யாருக்கு ஆகாது என்பதெல்லாம் அவர் படித்த உடலியலில் இல்லை. வீட்டில் ஒரு டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடித்து வளர்ந்த எனக்குத்தான் அது பளிச்சென்று தெரிந்தது.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்துச் சிரித்தார்.

“நர்ஸ், ஒரு வாய்த் தண்ணீரா என் ஆராய்ச்சியைக் கெடுத்துவிடும்?”

வெப்பமானியை என் நாக்கடியில் வைத்து எடுத்து அவரிடம் நீட்டினேன். சாதாரணச் சூடு. நேரே பானைக்குப் போய், அஞ்சலை செய்தது போலவே நன்றாகக் கொப்பளித்துத் துப்பிவிட்டு மறுபடி வைத்து எடுத்தேன். பாதரசம் எங்கேயோ கீழே கிடந்தது.

“இதைப் பார்த்தால் நான் செத்துக்கொண்டிருக்கிறேன் டாக்டர். எனக்கு ஒரு சவப்பெட்டி சொல்லுங்கள்.”

அவர் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். காது நுனி சிவந்தது. அவரை இன்றைக்கும் நான் மதிப்பது, அந்த இடத்தில் அவர் கோபப்படவில்லை என்பதற்காக.

“நாளைக் காலையில் மறுபடி அளப்போம்” என்றார்.

எச்சில்

அவர் சம்மதித்துவிட்டார். அஞ்சலை சம்மதிக்கவில்லை!

“கழுவாத வாயில கண்ணாடியா? நாளைக்கு டிரெஸரய்யா எங்களக் கேவலமா பேசறதுக்கா? வேணாம்மா, ஆள விடுங்க.”

“உள்ள போறதுக்கு முன்னாடி நல்லா கழுவு. அதுக்கப்புறம் வெத்தல வேணாம். வெளிய வந்ததும் வாயத் தொறக்காம நேரா எங்கிட்ட வா. நெழல்ல கொஞ்சம் ஒக்காரு, வெப்பேன்.”

“வெச்சு எடுத்தத யாரு தொடுறது?”

“நான்.”

“நீங்க என்ன ஆளுங்க?”

நேராகக் கேட்டாள். நம் நாட்டில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்று சொல்கிறவர்கள் எந்த நாட்டில் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மற்றப் பெண்கள் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

“அத விடு. உன் வாயிலேர்ந்து எடுத்து, உன் கண்ணு முன்னாடி சோப்பும் ஸ்பிரிட்டும் போட்டுக் கழுவுறேன். கழுவிட்டு மொதல்ல என் வாயில வெச்சுக்கறேன். அப்புறம்தான் அடுத்த ஆளுக்கு. போதுமா?”

மாரியாயி என்று ஒரு பல்லுப் போன அம்மாள் முன்னால் வந்து, “எங்க, இப்ப வெச்சுக் காட்டு” என்று வாயைத் திறந்தாள். வைத்தேன். எடுத்தேன். கழுவினேன். என் நாக்கடியில் வைத்துக்கொண்டேன்.

டிரெஸர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஸ்பிரிட்டு சாராய நாத்தம் அடிக்குமே, உங்களுக்குப் பரவாலயா?” என்றாள்.

“பழகிருச்சு.”

“பாத்துடி, சாராயத்த நர்ஸம்மா தெனம் அளந்து பாக்கறாங்களாம்” என்றாள் மாரியாயி. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சம்மதம் கிடைத்தது.

காயலா ஆளு

மறுநாள் காலை நானும் அவர்களோடு உள்ளே போனேன். யாரும் சொல்லவில்லை, நானாகப் போனேன். அந்தப் புகையை நான் வர்ணிக்கப் போவதில்லை. கண்ணைத் திறந்தால் எரியும், மூடினால் தலை முட்டும். மூச்சை இழுத்தால் தொண்டை வரைக்கும் சூடு இறங்குவது தெரியும். கொஞ்ச நேரத்தில் என் இதயம் காதுக்குள் வந்து அடித்தது. அஞ்சலை என் முழங்கையைப் பிடித்துக் கதவுப் பக்கம் தள்ளினாள். நான் பாதியிலேயே வெளியே வந்து ரம்புத்தான் மரத்தடியில் விழுந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் காந்துது என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது.

அவர்கள் முழு நடையையும் முடித்துவிட்டு வந்தார்கள். டிரெஸர் பழக்கத்தில் செம்பை நீட்டினார்.

“கொப்பளிச்சிட்டுப் போங்க.”

நான் எழுந்து போய் அந்தச் செம்பை வாங்கிக் கீழே வைத்தேன். “தண்ணி குடிக்கத்தான் அண்ணே. அளந்தப்புறம் நானே கொடுக்கறேன்.”

அஞ்சலை வாயை இறுக்கி மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வெப்பமானி அவள் நாக்கடியில் இருந்தபோது டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு குனிந்து நின்றார். எடுத்தேன். அவரிடம் கொடுக்கும் முன் நானே பார்த்தேன்.

பாதரசம் நூற்றிரண்டு டிகிரியைத் தாண்டி நின்றது. மலேரியாக் காய்ச்சலில் படுத்தவளைப் போல. அவளோ நடந்து வந்திருந்தாள்.

டாக்டர் தன் தொப்பியைக் கழற்றி அவளுக்கு விசிறினார். மேனேஜர் துரை அப்போதுதான் வந்து சேர்ந்தார். டாக்டர் விளக்கினார். துரை கேட்டுக்கொண்டு, தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“சரி. இவ பொய் இல்லே. இவ காயலா. காயலா ஆளு தோட்டத்துக்கு வேணாம். சனிக்கெழமெ கப்பல் போ.”

பாருங்கள்! உடம்பு சூடாகவில்லை என்றால் சோம்பேறி, கப்பல். சூடாகிறது என்றால் நோயாளி, அப்போதும் கப்பல். நான் அரும்பாடுபட்டு அவளை ஒரு கதவு வழியாக வெளியே இழுத்து, மறு கதவு வழியாக உள்ளே தள்ளிவிட்டேன். 

பேசியது மாரியாயி.

“நர்ஸம்மா, எனக்கும் வையுங்க.”

அவள் பின்னால் இன்னொருத்தி. அவள் பின்னால் மற்றவர்கள். ஒருத்தியும் பானைப் பக்கம் திரும்பவில்லை. தாகத்தில் உதடு வெடித்து, வாயை இறுக மூடிக்கொண்டு, கரி முகத்தோடு வரிசையில் நின்றார்கள். நான் வைத்தேன், எடுத்தேன், கழுவினேன், என் வாயில் வைத்துக் காட்டினேன், அடுத்தவளுக்கு வைத்தேன். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருத்திக்குக்கூடச் சாதாரணச் சூடு இல்லை. மயங்கி விழுந்தவளுக்கும் விழாதவளுக்கும் ஏறக்குறைய ஒரே கணக்கு.

கடைசி ஆள் முடிந்ததும் அஞ்சலை எழுந்து நின்றாள். குரல் வறண்டிருந்தது. “எல்லாரும் காயலாதான் தொரே. லோரியப் பெருசா கொண்டாங்க லா.”

நான் டாக்டரிடம் சொன்னேன், துரைக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே: “ஒருத்திக்கு இருந்தால் அவளுடைய நோய். எல்லாருக்கும் இருந்தால் கொட்டகையின் நோய். வைத்தியம் கொட்டகைக்குத்தான் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் துரையும் ஒரு நடை உள்ளே போய் வரட்டும். அவருக்கும் வைத்துப் பார்க்கிறேன்.”

துரையின் முகம் மங்குஸ்தான் தோல் போலக் கறுத்தது. டிரெஸர் என் பக்கம் பார்க்கவே பயந்தார். என் வேலை அன்றோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன்.

டாக்டர் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

“நான் போகிறேன்” என்றார். “முதல் நாளே போயிருக்க வேண்டும்.”

கதவு சாத்தப்பட்டது. பெண்கள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே இருமல் கேட்டது. பிறகு இன்னும் பலமாக. நான் தாங்கியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தாங்கினார், அதையும் சொல்லிவிட வேண்டும். வெளியே வந்தபோது சட்டை உடம்போடு ஒட்டி, முகம் வேகவைத்த இறால் மாதிரி இருந்தது. கண்ணீர் வழிய, தட்டுத் தடுமாறி நேரே மண்பானைக்குப் போய்ச் செம்பை எடுத்தார்.

“டாக்டரய்யா!” என்று அஞ்சலை போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கை பறந்தது. “செம்பக் கீழ வையுங்க! கண்ணாடி வெச்சப்புறம்தான் தண்ணி!”

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் செம்பைக் கீழே வைத்தார். பெண்களின் வரிசைக் கடைசியில் வந்து நின்று, வாயைத் திறந்தார்.

தமிழர் உடம்பு, வெள்ளைக்காரர் உடம்பு என்று வெப்பமானிக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவருக்கும் ஏறித்தான் இருந்தது. எடுத்து, கழுவி, வாக்குக் கொடுத்தபடி என் வாயில் வைத்துக்கொண்டு மேனேஜர் துரையைப் பார்த்தேன். அவர் அங்கே இல்லை.

அதற்குப் பிறகு பல வருஷம் லம்பம் என்கிற ஈயச் சுரங்கங்களிலும், ரயில் கொதிகலன் பக்கத்திலும், சுண்ணாம்புக் காளவாயிலும் அளந்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் பலவீனமானவர்களா என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கேட்கும்போதெல்லாம், முதலில் இடத்தைக் காட்டுங்கள், பிறகு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கினேன். அந்தப் பேரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

டாக்டர் தன் பழைய முடிவை மாற்றி, வைத்தியம் கொட்டகைக்குத்தான் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சனிக்கிழமை லோரி வந்தது. ரப்பர் கட்டுகளை மட்டும் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனது. அது போன புழுதி அடங்கும்போது, அஞ்சலை கொட்டகைக் கதவை அகலத் திறந்து, அது மறுபடி சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு பெரிய கல்லை உருட்டி அண்டை கொடுத்துக்கொண்டிருந்தாள்.